கலையரசி கடிப்பதற்கு முன்

அந்த வாரத்தில் கலையரசி கடித்த மூன்றாவது பிள்ளை கிருஷ்ணவேணியின் மகள். புறங்கையில் கடித்திருந்தாள். மேலே நான்கு பல், கீழே நான்கு பல், அச்சுக் குத்தியதுபோல் பதிந்திருந்தது. கிருஷ்ணவேணி அதைப் படம் எடுத்து யு.கே.ஜி. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். கீழே ஒரு வரிகூட எழுதவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று ஆர்த்திக்குத் தோன்றியது.

மறுநாள் காலையில் கரஸ்பாண்டன்ட் சக்கரபாணி, வகுப்பு ஆசிரியை ஆர்த்தியையும் கலையரசியின் அம்மா அன்புச்செல்வியையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில் இருந்தது அந்த நர்சரி பள்ளி. அவருடைய சொந்த இடம். முன்னால் பள்ளி, பின்னால் அவருடைய நிலம். வகுப்புகளுக்கு மேலே தகரக் கூரை.

அன்புச்செல்வி கட்டட வேலைக்குப் போகிறவள். வானூர்ப் பக்கம் எங்கே வேலை நடந்தாலும் காலை ஏழரை பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். அன்று பஸ்ஸை விட்டுவிட்டு வந்திருந்தாள். புடவைக்கு மேல் போட்ட ஆம்பளைச் சட்டையின் கையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு நின்றாள்.

“கவர்மென்ட் சீட்டுல வந்த புள்ளம்மா இது. நானா வெளிய அனுப்ப முடியாது. சட்டம் அப்படி,” என்றார் சக்கரபாணி. “ஆனா மத்த பேரன்ட்ஸுக்கு நான் பதில் சொல்லணும் இல்ல? இன்னொரு தபா கடிச்சுதுன்னா, நீயே ஒரு லெட்டர் குடுத்துட்டு புள்ளய கூட்டிக்கினு போயிடு. அவ்வளவுதான்.”

“வேலைக்கு இட்டுக்கினு போனா ஒரு எடத்துல நிக்கமாட்டா சார். போன வருசம் ஜல்லி லாரி ரிவர்ஸ்ல வந்துக்கினு கீது, இவ அதுக்குப் பின்னால உக்காந்து மண்ண அளைஞ்சிக்கினு கீறா. டிரைவரு பாத்ததால பொழைச்சா. இங்க சேத்த பொறவுதான் சார் நான் நிம்மதியா செங்கல்லு தூக்கறேன்.”

“அதுக்கு நான் இன்னா பண்றது? டீச்சரைக் கேளு.”

இரண்டு பேரும் ஆர்த்தியைப் பார்த்தார்கள். ஆர்த்திக்கு இருபத்திரண்டு வயது. முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கு முன்னால் ஆடச் சொன்னாலும் ஆடுவாள், பாடச் சொன்னாலும் பாடுவாள். பெரியவர்கள் இரண்டு பேர் ஒன்றாகப் பார்த்தால் குரல் முணுமுணுப்பாகிவிடும்.

“பாத்துக்கறேன் சார்,” என்றாள்.

பார்த்துக்கொள்வது எப்படி என்று அவளுக்கு ஒரு யோசனை மட்டும் இருந்தது. அக்டோபரில் விழுப்புரத்தில் நர்சரி ஆசிரியைகளுக்கு ஒருநாள் பயிற்சி வைத்திருந்தார்கள். சிறப்புக் குழந்தைகள் மையத்திலிருந்து காந்திமதி என்ற அம்மா வந்து பேசினார். கரும்பலகையில் இரண்டு கோடு போட்டு மூன்று பத்தியாகப் பிரித்தார். முன்னால் என்ன நடந்தது. குழந்தை என்ன செய்தது. அதன் பிறகு குழந்தைக்கு என்ன கிடைத்தது.

“நடுவுல இருக்கறத மட்டும்தான் நாம பாக்கறோம். அடிக்குது, கடிக்குது, கத்துதுன்னு சொல்றோம். ரெண்டு பக்கத்தையும் எழுதிப் பாருங்க. புள்ளைக்கு ஒரு காரணம் இருக்கும்,” என்றார்.

மற்ற ஆசிரியைகள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ் ஏறினார்கள். ஆர்த்தி மூன்று பத்தியையும் அப்படியே எழுதிக்கொண்டு வந்தாள். இயற்பியல் படித்தவளுக்கு அது பழகிய வேலை. அளந்து எழுது, முடிவை நீயாகச் சொல்லாதே, அட்டவணை சொல்லட்டும் என்று கல்லூரி லேபில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

சக்கரபாணி கூப்பிட்டுப் பேசிய அன்றைக்கே நோட்டைத் திறந்தாள். இன்னொரு பிள்ளையைக் கடிக்க விடக்கூடாது, ஆனால் எப்போது கடிக்கிறாள் என்றும் தெரிய வேண்டும். அதனால் கலையரசியின் பக்கத்தில் தானே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். கடி அவளுக்கு விழுந்தது. இரண்டு வாரத்தில் மூன்று தடவை. துப்பட்டாவை இழுத்து முழங்கையை மூடிக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

முதல் பத்தி சீக்கிரமே நிரம்பியது. மூன்று கடியும் பதினொன்றே காலுக்கும் பதினொன்றரைக்கும் நடுவில் விழுந்தன. அது ரைம்ஸ் நேரம். பழைய கடிகளையும் நினைவுபடுத்தி எழுதிப் பார்த்தாள். அவையும் அதே நேரம்தான். படம் வரையும் நேரத்தில் ஒன்றுகூட இல்லை. எழுதும் நேரத்தில் இல்லை.

அந்தப் பள்ளியில் ரைம்ஸ் என்றால் சும்மா இல்லை. “ரோட்டுல போறவன் காதுல விழணும். சத்தம் கேட்டாதான் உள்ள படிப்பு நடக்குதுன்னு நினைப்பான்,” என்பது சக்கரபாணியின் கணக்கு. யு.கே.ஜி.யும் பக்கத்து அறை எல்.கே.ஜி.யும் ஒரே நேரத்தில் ஆரம்பிக்கும். கழுத்து நரம்பு புடைக்க, எழுபது பிள்ளைகள். அத்தனையும் தகரத்தில் மோதித் திரும்பி வரும்.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் ஆர்த்திக்குத் தெரிந்தது, கலையரசி சட்டென்று கடிப்பதில்லை. முதல் பாட்டில் முகவாய் நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது பாட்டில் பின்னல் ரிப்பனைப் பிடித்து இழுக்க ஆரம்பிப்பாள். பிறகு கண்ணை இடுக்கிக்கொண்டு, பக்கத்தில் யார் தொண்டை பெரிது என்று தேடுவாள். கிருஷ்ணவேணியின் மகளுக்கு வகுப்பிலேயே பெரிய தொண்டை.

மூன்றாவது பத்திதான் நிரம்பவில்லை. கடித்த பிறகு என்ன கிடைக்கிறது? திட்டுதான் கிடைக்கிறது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பின்னால் இருக்கும் சமையல் கொட்டகையில் ஆயா கோவிந்தம்மாளிடம் விட்டுவிட்டு வருவது வழக்கம். ‘தண்டனை’ என்று எழுதினாள். தண்டனை கிடைக்கும் என்று தெரிந்தும் ஒரு பிள்ளை ஏன் கடிக்க வேண்டும்? அந்த இடத்தில் கணக்கு இடித்தது.

மூன்றாவது முறை கடி வாங்கிய அன்று, கலையரசியை விட்டுவிட்டுத் திரும்பாமல் கொட்டகை வாசலிலேயே நின்றாள்.

உள்ளே மூட்டை மூட்டையாக மல்லாட்டை, உடைக்காத நிலக்கடலை. சக்கரபாணியின் நிலத்து மல்லாட்டைதான். மார்கழிக்குள் விதைக்க வேண்டும். விதைக்கு மெஷினில் போட்டால் பருப்பு உடையும், தோல் போகும். கையால்தான் உடைக்க வேண்டும். பள்ளிக்கூட நேரத்திலேயே கோவிந்தம்மாள் அதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் தெளித்துப் பதமாக வைத்த காய் கோணியில் கிடந்தது. கலையரசி நேராகப் போய்க் கோணியின் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஒரு காயை எடுத்தாள். காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தாள். கட்டைவிரலால் காயின் மூக்கில் ஒரு அழுத்து. டொக் என்றது. பருப்பு இரண்டும் முழுசாக முறத்தில் விழுந்தன. அடுத்த காயை எடுத்தாள். அதையும் காதில் வைத்து ஆட்டினாள்.

“இன்னா டீச்சரம்மா, நீயும் யாரையாச்சும் கடிச்சிட்டியா? இங்க வந்து நிக்கற?” என்றாள் கோவிந்தம்மாள்.

“இல்ல ஆயா. இவ இங்க அழுவாளா?”

“எதுக்கு அழுவணும்? நான் பேசமாட்டேன், அவளும் பேசமாட்டா. எனக்குப் பத்துக்கு ரெண்டு தோலு போயிடுது. இவளுக்கு ஒண்ணு போவாது. நீ வேணா உக்காந்து ஒடைச்சிப் பாரு, உன் பி.எஸ்சி.க்கு எத்தினி தோலு போவுதுன்னு தெரியும்.”

ஆர்த்தி சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருக்கும்போது கண் மறுபடி கலையரசியின் கைக்குப் போயிற்று. தண்டனை இல்லை இது. கடித்தால் இங்கே வரலாம். அந்தப் பிள்ளை வேறு எப்படித்தான் கேட்கும்? கேட்டாலும் அந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? நோட்டில் ‘தண்டனை’யை அடித்துவிட்டு ‘அமைதி’ என்று எழுதினாள்.

மறுநாள் மணி அடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்னால் ஒரு சாக்பீஸ் டப்பாவை எடுத்துக் கலையரசியிடம் நீட்டினாள். “இதை ஆயாகிட்ட குடுத்துட்டு அங்கயே இரு. அப்புறமா மிஸ் வந்து கூப்பிடுவேன்.”

கலையரசி டப்பாவைப் பார்த்தாள். ஆர்த்தியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஓடினாள்.

அன்று யாரும் கடிபடவில்லை. மறுநாளும் இல்லை. எட்டுப் பள்ளி நாள் அப்படிப் போயிற்று. ஒன்பதாவது நாள் சாக்பீஸ் டப்பாவைக் கலையரசியே எடுத்துக்கொண்டு வந்து ஆர்த்தியின் முன்னால் நின்றாள். “ஆயாகிட்ட போட்டுமா?” என்றாள். அந்தப் பிள்ளை அதுவரை ஆர்த்தியிடம் கேள்வி என்று ஒன்று கேட்டதே இல்லை. அன்று சாயங்காலம் பஸ்ஸில் போகும்போது ஆர்த்திக்குக் காரணமில்லாமல் கண் கலங்கியது.

சக்கரபாணிக்கும் சந்தோஷம். “இன்னாம்மா மந்திரம் போட்ட? சொல்லு.”

ஆர்த்தி சொல்ல ஆரம்பித்தாள். “சார், அது வந்து, முன்னால என்ன நடக்குதுன்னு...”

“நீ பேசினா எனக்கு ஒண்ணும் வெளங்காது. முணுமுணுன்னு பேசற. எழுதிக் குடு. குரூப்புல போட்டுடலாம். அந்தக் கிருஷ்ணவேணியம்மா வாயடைச்சிடும்.”

எழுதுவது என்றால் அவளுக்குப் பயம் இல்லை. ஒரு தாளில் இரண்டு பக்கமும் எழுதினாள். கலையரசியின் பெயரைப் போடவில்லை, ‘ஒரு குழந்தை’ என்றுதான் எழுதினாள். நேரம், நாள், எத்தனை தடவை, எல்லாம் ஒழுங்காக இருந்தது. முதல் பக்கத்தில் பயிற்சியைப் பற்றியும் பள்ளி நிர்வாகத்தின் ஒத்துழைப்பைப் பற்றியும் எழுதினாள். இரண்டாவது பக்கத்தில் பார்த்ததை எழுதினாள். ‘குழந்தை தினமும் இருபத்தைந்து நிமிடம் சமையல் கொட்டகையில் விதை மல்லாட்டை உடைக்கிறாள். தோல் போகாமல் உடைக்கிறாள். உடைத்த எட்டு நாள்களில் ஒருமுறைகூடக் கடிக்கவில்லை.’

அதில் தப்பு இருப்பதாக அவளுக்குத் தோன்றவே இல்லை. அந்த மாதத்தில் அவர்கள் ஊரில் எந்த வீட்டில் பிள்ளைகள் மல்லாட்டை உடைக்கவில்லை? டி.வி. பார்த்துக்கொண்டே உடைப்பார்கள். அவளும் அப்படித்தான் உடைத்துக்கொண்டே பரீட்சைக்குப் படித்தாள். அதை வேலை என்று யாரும் சொல்லி அவள் கேட்டதில்லை.

சக்கரபாணி முதல் பக்கத்தைப் படித்தார். நிர்வாகத்தின் ஒத்துழைப்பு என்ற இடத்தில் தலையை ஆட்டினார். இரண்டு பக்கத்தையும் படம் எடுத்துக் குழுவில் போட்டுவிட்டு நிலத்துக்குப் போய்விட்டார்.

அரை மணியில் கிருஷ்ணவேணி எழுதினாள்: ‘நாளையிலிருந்து எங்க பிள்ளைங்களும் உடைக்கணுமா சார்?’

‘கூலி உண்டா?’ என்று ஒருவர் கேட்டார். கூடவே சிரிக்கிற பொம்மை.

‘ஃபீஸ்ல கழிச்சுப்பாங்க’ என்று இன்னொருவர்.

‘சிரிக்கிற விஷயம் இல்ல. அஞ்சு வயசுப் பிள்ளை. இதுக்குப் பேரு குழந்தைத் தொழிலாளர். ஒரு போன் போட்டா ஆபீசருங்க வந்து நிப்பாங்க.’

அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை. யார் நிலத்து மல்லாட்டை என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

காலையில் ஆர்த்தி உள்ளே நுழையும்போதே சக்கரபாணி வாசலில் நின்றிருந்தார். அவர் கத்தவில்லை. குரல் நடுங்கியது.

“ஏம்மா, படிச்ச பொண்ணுதானே நீ? விளையாடறான்னு எழுதக் கூடாதா? பொம்மைன்னு எழுதக் கூடாதா? மல்லாட்டைன்னா எழுதுவ?”

ஆர்த்தி தரையைப் பார்த்தாள். பார்த்ததைத்தானே எழுதினேன் என்று மனசுக்குள் ஒரு வாக்கியம் ஓடியது. அதைச் சொன்னால் இன்னும் கெட்டுப்போகும்.

டிராக்டர் வந்து மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போயிற்று. சமையல் நேரம் தவிர மற்ற நேரத்தில் கொட்டகைக்குப் பூட்டு. பிள்ளைகள் யாரும் அந்தப் பக்கம் போகக்கூடாது. கோவிந்தம்மாளைக் கொண்டுபோய் கேட்டில் உட்கார வைத்தார்கள். ஆர்த்தி அவளைத் தாண்டிப் போக முடியாமல் நின்றாள்.

“மன்னிச்சுக்கோங்க ஆயா.”

“ரெண்டு பக்கம் எழுதினியாமே?”

“ம்.”

“ஒரு பக்கத்தோட நிறுத்தியிருந்தா இன்னா? சரி போ. மணி அடிக்கப் போறாங்க. உனக்குத்தான் பேஜாரு இப்ப.”

கலையரசி சாக்பீஸ் டப்பாவோடு வந்து நின்றாள். “போட்டுமா?” ஆர்த்தி டப்பாவை வாங்கி மேசைமேல் வைத்தாள். “இன்னைக்கு வேணாம்டா.” கலையரசி டப்பாவைத் திரும்ப எடுத்தாள். ஆர்த்தி மறுபடி வாங்கி வைத்தாள். ஐந்து முறை அப்படி நடந்தது. ஆறாவது முறை ஆர்த்தியின் மணிக்கட்டில் பல் பதிந்தது. இந்தத் தடவை பழைய கடிகளைவிட ஆழமாக.

வராண்டாவில் உட்கார வைக்கலாமா என்று கேட்டாள். ரோட்டுக்குத் தெரியும், வேண்டாம் என்றார் சக்கரபாணி. வேப்பமரத்தடியில்? பாம்பு கீம்பு வந்தால் யார் பதில் சொல்வது. அவருடைய அறையில் ஒரு மூலையில்? அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். காதில் பஞ்சு வைத்துப் பார்த்தாள். கலையரசி பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டாள். வகுப்பையே மெல்லப் பாடச் சொன்னாள். “ரகசியமாப் பாடணும், எறும்புக்கு மட்டும் கேக்கணும்,” என்றாள். பிள்ளைகளுக்கு அது பிடித்துவிட்டது. இரண்டு வரி ரகசியமாகப் பாடினார்கள். மூன்றாவது வரியில் எவனோ எறும்புக்குக் கேட்கவில்லை என்று கத்தினான். அவ்வளவுதான், எழுபது பிள்ளைக்கும் சேர்த்து முப்பத்தெட்டே கத்தித் தீர்த்தது. கத்தப் பழக்கியவள் அவள்தான்.

சனிக்கிழமை கலையரசியையும் அன்புச்செல்வியையும் கூட்டிக்கொண்டு விழுப்புரத்துக்கு பஸ் ஏறினாள். அன்புச்செல்விக்கு அது கூலி போகிற இரண்டாவது நாள். ஏர்ஹாரன் அடிக்கும்போதெல்லாம் கலையரசி அம்மாவின் வயிற்றில் தலையால் முட்டினாள். அன்புச்செல்வி முந்தானையை இழுத்து அவள் தலையை மூடிவிட்டு, “முட்டுடி, முட்டு, உள்ள இருந்தப்ப ஒதைச்சது பத்தல உனக்கு,” என்றாள்.

மையத்தில் காந்திமதி அம்மா ஆர்த்தியின் நோட்டை முதலிலிருந்து கடைசிவரை படித்தார். நடுவில் ஒருமுறை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“நான் பயிற்சி குடுக்க ஆரம்பிச்சதிலேருந்து ஒருத்தர்கூட இப்படி எழுதிக்கினு வந்ததில்லம்மா. நான் புதுசா சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. கூட்டமாக் கத்தறது இவளால தாங்க முடியல. முன்கூட்டியே வெளிய அனுப்பினீங்க பாருங்க, அதான் செய்ய வேண்டியது. அதையே விடாம பண்ணுங்க.”

“இப்ப அனுப்ப முடியல மேடம்.”

“ஏன்?”

ஆர்த்தி சொன்னாள். சொல்ல நேரம் பிடித்தது. காந்திமதி அம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். வெளியே பெஞ்சு முழுக்க அம்மாக்கள் பிள்ளைகளோடு காத்திருந்தார்கள். காது பரிசோதனைக்குப் பிப்ரவரி இரண்டாவது வாரத்தில் ஒரு தேதி கொடுத்தார். பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். குழந்தைக்கு அந்த அரை மணி நேரம் ஓர் அமைதியான இடம் ஒதுக்கித் தரும்படி அதில் கேட்டிருந்தார்.

படியிறங்கும்போது அன்புச்செல்வி கேட்டாள். “அந்தம்மா உங்கள ரொம்ப மெச்சிக்கினாங்க இல்ல டீச்சர்?”

“ம்.”

“அப்ப சரியாப் போயிடும்.”

ஆர்த்தி கலையரசியின் செருப்பு வாரை மாட்டிவிடக் குனிந்துகொண்டாள்.

திங்கட்கிழமை சக்கரபாணி கடிதத்தைப் படித்தார். இந்தத் தடவை கடைசி வரிவரை படித்தார்.

“அமைதியான இடமா? ஏம்மா, நான் ஸ்கூல் நடத்தறனா, தியான மண்டபம் நடத்தறனா? மொதல்ல இந்தக் குரூப்பு அடங்கட்டும். ரெண்டு பேரன்ட்ஸ் அடுத்த வருசம் வேற ஸ்கூல்னு பேசிக்கினு இருக்காங்க. நல்லதா ஒரு வீடியோ எடுத்துப் போடணும். பிள்ளைங்க எல்லாம் சேர்ந்து ரைம்ஸ் பாடற மாதிரி.”

புதன்கிழமை எடுத்தார்கள். சக்கரபாணியே போனைப் பிடித்தார். பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்தார். நன்றாகப் பாடுகிறவர்கள் முன்னால். கலையரசியின் ரிப்பன் புதிதாக இருந்ததால் அவளையும் முன்னால் நிறுத்தினார். “அந்தப் புள்ளயும் நல்லா இருக்குன்னு தெரியட்டும்,” என்றார். பக்கத்தில் கிருஷ்ணவேணியின் மகள்.

“நான் இவ பக்கத்துல நின்னுக்கறேன் சார்,” என்றாள் ஆர்த்தி.

“நீ எதிர நின்னு ஆக்‌ஷன் பண்ணாதானேம்மா பிள்ளைங்க பண்ணும்? என் பின்னால வந்து நில்லு. ம், ஆரம்பி.”

அவள் அவர் பின்னால் போய் நின்று கையை உயர்த்தினாள். பிள்ளைகள் வீடியோ என்ற குஷியில் எப்போதையும்விட உரக்கப் பாடினார்கள். கூரை அதிர்ந்தது. சக்கரபாணியின் தோளுக்கு மேல் ஆர்த்தி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கலையரசியின் முகவாய் நெஞ்சோடு போய் ஒட்டியது.

நிறுத்துங்க சார் என்று சொல்ல வேண்டும். இரண்டே வார்த்தை. கை தன்பாட்டுக்கு மழையையும் குடையையும் காட்டிக்கொண்டிருந்தது. இரண்டாவது பாட்டு தொடங்கியது. கலையரசி ரிப்பனைப் பிடித்தாள். இழுத்தாள். ஆர்த்தி “சார்” என்றாள். அது அவளுக்கே கேட்கவில்லை. “சார்,” என்றாள் மறுபடி. சக்கரபாணி திரும்பாமலே இடது கையை ஆட்டி, இன்னும் சத்தமா, இன்னும் சத்தமா என்று பிள்ளைகளுக்குச் சைகை காட்டினார். கலையரசி கண்ணை இடுக்கினாள். ஒரு நொடி ஆர்த்தியை நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. பிறகு பக்கத்தில் திரும்பினாள்.

கன்னத்தில் கடித்தாள். விடவில்லை. ஆர்த்தி ஓடிப் போய்த் தாடையைப் பிடித்து விலக்குவதற்குள் ரத்தம் வந்துவிட்டது.

அழுகையும் கூச்சலுமாக இருந்த நேரத்தில் கலையரசி தானாக நடந்து வெளியே போனாள். யாரும் இழுத்துக்கொண்டு போகவில்லை. ஆர்த்தி தேடிக்கொண்டு போனபோது சமையல் கொட்டகையின் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். பூட்டைக் கையால் தூக்கித் தூக்கி விட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டு மணிக்கு அன்புச்செல்வி வந்தாள். புருவத்தில், கை மயிரில் எல்லாம் சிமென்ட். விஷயம் போனிலேயே தெரிந்திருந்தது. அறைக்குள் வந்ததும், சுவரோரம் உட்கார்ந்திருந்த கிருஷ்ணவேணியின் காலில் விழப் போனாள். கிருஷ்ணவேணி பதறி எழுந்து நகர்ந்துகொண்டாள். “அய்யோ, எழுந்திரு. நான் உன்னையா சொன்னேன்?” என்றவளுக்கும் அழுகை வந்துவிட்டது. மகளுக்கு ஊசி போட்டுக் கன்னத்தில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அவள் அம்மாவின் மடியிலேயே தூங்கியிருந்தாள்.

“லெட்டர்,” என்றார் சக்கரபாணி.

“எனக்கு எழுத வராது சார். கையெழுத்துத்தான் போடுவேன். டீச்சர் எழுதட்டும். அவங்க எழுத்து நல்லா இருக்கும்.”

ஆர்த்திக்கு முன்னால் தாள் வந்தது. சக்கரபாணி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொல்லச் சொல்ல எழுதினாள். ‘எனது மகள் கலையரசியை எனது சொந்த விருப்பத்தின் பேரில் பள்ளியிலிருந்து அழைத்துச் செல்கிறேன். பள்ளி நிர்வாகத்தின் மீது எனக்கு எந்தப் புகாரும் இல்லை.’ சொந்த விருப்பம் என்ற இடத்தில் பேனா நின்றது.

“இன்னா?” என்றார் சக்கரபாணி.

“ஒண்ணுமில்ல சார்.”

எழுதி முடித்தாள். அன்புச்செல்வி தாளை வாங்கி, எங்கே போடணும் என்று கேட்டு, ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள். விரலில் இருந்த சிமென்ட் தாளில் ஒட்டியது. அதை ஊதிவிட்டாள்.

கேட்வரைக்கும் ஆர்த்தி கூடவே போனாள். கலையரசி புத்தகப்பையை முன்பக்கமாக மாட்டிக்கொண்டு அதைக் கட்டிப் பிடித்தபடி நடந்தாள். கேட்டில் கோவிந்தம்மாள் இல்லை. சாப்பிடப் போயிருந்தாள்.

“டீச்சர்.”

“சொல்லுங்கக்கா.”

“நீங்க அன்னைக்கு நோட்டுல எழுதி வெச்சிருந்தீங்களே, இவ எதுக்குக் கடிக்கறான்னு. எனக்கு அப்ப சரியா மனசுல ஏறல. இப்ப சொல்லுங்க. நான் இன்னா பண்ணணும்?”

ஆர்த்திக்கு எல்லாம் தெரியும். எந்த நிமிடத்தில் முகவாய் தாழும், எந்த நிமிடத்தில் கை ரிப்பனுக்குப் போகும், அதற்குள் என்ன செய்ய வேண்டும், எல்லாம் தெரியும். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“கூட்டமா, சத்தமா இருந்தா அவளுக்குத் தாங்கலக்கா. தலையக் குனிஞ்சா, ரிப்பனப் புடிச்சி இழுத்தா, உடனே சத்தம் இல்லாத எடமா பாத்துக் கூட்டிக்கினு போயிடணும். கடிக்கறதுக்கு முன்னாடியே. கொஞ்ச நேரம் இருந்தா போதும். அப்புறம் நல்லா இருப்பா.”

அன்புச்செல்வி கவனமாகக் கேட்டாள். டாக்டர் சொன்ன மாத்திரை வேளையை மனப்பாடம் பண்ணுகிறவளைப்போல உதட்டை அசைத்துக்கொண்டாள். “சத்தம் இல்லாத எடம்,” என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

ரோட்டில் மரக்காணம் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. கலையரசி பையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

“அது எங்க டீச்சர் கீது?” என்று கேட்டாள் அன்புச்செல்வி. அவள் கேலியாகக் கேட்கவில்லை. எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும் என்று கேட்பதுபோலத்தான் கேட்டாள். பதிலுக்காக நின்றாள்.

ஆர்த்தி வாயைத் திறந்தாள். உள்ளே யு.கே.ஜி. பிள்ளைகள் மிஸ் எங்கே என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். அன்புச்செல்வி இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மகளின் தலையை முந்தானையால் மூடி, சாலையைத் தாண்ட இரண்டு பக்கமும் பார்த்தாள்.